காகிதத்து வயது

தூதரக ஜன்னலுக்கு முன்னால் நின்று வாயைத் திறந்து பல்லைக் காட்டினேன். அதைத் தவிர வேறு சான்று என்னிடம் இல்லை. கடைவாயில் நான்கு பற்கள் போய்விட்டன, முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது. "பாருங்க தம்பி, இது நாப்பத்தெட்டு வயசுக்காரன் வாயா?" என்று கேட்டேன். கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த எகிப்து அதிகாரி சிரிக்கவில்லை. "ஐயா, பாஸ்போர்ட்டு என்ன சொல்லுதோ அதுதான் எனக்கு வயசு. பொம்பளைங்களுக்கு விசா வேண்டாம். அம்பது தாண்டின ஆம்பளைக்கும் வேண்டாம். உங்களுக்கு வேணும். வியாழக்கிழமை வந்து பாருங்க. எகிப்து உங்க சொந்த வீடு மாதிரி" என்றான். சொந்த வீட்டுக்கு விசா கேட்கிற கூத்தை அன்றுதான் பார்த்தேன்.

எனக்கு நிஜத்தில் ஐம்பத்து நான்கு. உம்துர்மானில் நீர்ப்பாசன அலுவலகத்தில் எழுத்தர். சூடானில் என் தலைமுறையில் முக்கால்வாசிப் பேருக்குப் பிறந்த தேதி தெரியாது. மருத்துவர் குழு ஆளை ஏற இறங்கப் பார்த்து ஒரு வயதை எழுதிக் கொடுக்கும். பிறந்தநாள் எல்லோருக்கும் ஜனவரி ஒன்று. ஓய்வு தள்ளிப்போகட்டுமே என்று அந்தக் குழுவில் ஒருவரைப் பிடித்து ஆறு வருஷத்தைக் குறைத்துக்கொண்டேன். அலுவலகத்தில் பாதிப் பேர் செய்ததுதான். அந்தக் கணக்குப்படி என் மகன் முஸம்மில் பிறந்தபோது எனக்குப் பதினான்கு வயது. என் மனைவி பதூல் இதை வைத்தே கல்யாண வீடுகளில் என் மானத்தை வாங்குவாள். "மீசை முளைக்காத பையனைக் கட்டிக்கிட்டு நான் பட்ட பாடு இருக்கே" என்று ஆரம்பிப்பாள், பெண்கள் வட்டமே விழுந்து விழுந்து சிரிக்கும்.

இப்போது வாதி ஹல்பாவில், அந்தத் தூதரகம் இருந்த எல்லை ஊரில், ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஆறு குடும்பங்களோடு படுத்திருந்தோம். பதூலுக்குச் சர்க்கரை. சண்டைக்குப் பயந்து உம்துர்மானிலிருந்து தப்பி வந்த வழியில் செருப்பு கடித்த இடம் புண்ணாகி, வலதுகாலில் இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. ஊர் மருத்துவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "இந்த வாரத்துக்குள்ள அஸ்வான் போயிட்டா ரெண்டு விரலோட போகும். அதுக்கு மேல போனா காலைப் பத்தி நான் பேசமாட்டேன்." அஸ்வான் எல்லைக்கு அந்தப் பக்கம். காலையில் பேருந்து ஏறினால் இரவுக்குள் போய்விடலாம்.

அவளை மறுநாளே அனுப்பியிருக்க வேண்டும். அடுத்த பாயில் இருந்த ஆசிரியை அன்று தன் பெண்களோடு கிளம்பினாள், கூடவே கூட்டிப்போவதாகச் சொன்னாள். நான்தான் தடுத்தேன். "வியாழக்கிழமை எனக்கு விசா வந்துரும், சேர்ந்தே போவோம். தனியா ஆஸ்பத்திரியில நீ என்ன பண்ணுவ?" என்றேன். உண்மை அதுவல்ல. அந்தப் புழுதியில் அவள் இல்லாமல் ஒரு ராத்திரி இருக்க எனக்குப் பயமாக இருந்தது. பதூலுக்கு அது தெரியும். "சரி" என்றாள்.

அந்த மூன்று நாளும் நான் வாய் ஓயாமல் அரபு நாடுகளைத் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டுவதற்கு என்ன குறைச்சல்? சிரியாவில் குண்டு விழுந்தபோது உலகமே கதவைச் சாத்தியது, நாங்கள் ஒருவரிடமும் விசா கேட்கவில்லை. எங்கள் மாடியில் அபூ நிஸார் என்கிற அலெப்போக்காரனைக் குடிவைத்தோம், அவன் மனைவிக்குப் பதூல்தான் பிரசவம் பார்த்தாள். யெமன்காரன் வந்தான், அவனும் எங்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டான். இன்று எங்கள் வீடு எரிகிறது. ஜித்தாவில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து போர்நிறுத்தம் என்கிறார்கள், அந்தச் செய்தி வாசித்து முடிவதற்குள் இங்கே பீரங்கி பேசுகிறது. முஸம்மில் சவுதியில், தம்மாமில் பதினோரு வருஷமாக லாரி ஓட்டுகிறான், பெற்ற தாயைக் கூப்பிட்டுக்கொள்ள அவனுக்கு இன்னும் அனுமதி இல்லை. ஒரே நைல், ஒரே மொழி, ஒரே தொழுகை என்று எத்தனை பாட்டுப் பாடினார்கள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது சும்மா சொன்னதில்லை.

"முஸம்மில் அப்பா," என்றாள் பதூல், அவித்த மொச்சையை ரொட்டியால் மசித்துக்கொண்டே. "அவங்க நமக்குச் செய்யல, வாஸ்தவம்தான். நானும் மன்னிக்கப்போறதில்ல. ஆனா ஆறு வருஷத்த முழுங்கினது யாரு, எகிப்துக்காரனா?"

எனக்குக் கோபம் வந்தது. "குடும்பத்துக்காகத்தானே பண்ணேன்."

"நான் இல்லேன்னா சொன்னேன்? சாப்பிடுங்க."

அவள் காலைத் துணியால் மூடிக்கொண்டாள். துணியை மீறி வாடை வந்தது. அறையில் யாரும் அதைக் காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் எங்கள் பாய்க்கு இருபுறமும் இடம் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகிக்கொண்டே போனது.

வியாழக்கிழமை விசா இல்லை என்றார்கள். வெள்ளிக்கிழமை பேருந்தில் இடம் இல்லை. சனிக்கிழமை விடியற்காலை அவளைத் தூக்கி ஏற்றினேன். கறுப்பு அதற்குள் பாதத்தின் பாதிக்கு ஏறியிருந்தது. எல்லை வாசல்வரை கூடவே போய் அனுப்பிவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. வழியெல்லாம் அவள் எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டு வந்தாள். உப்பைக் குறைக்க வேண்டுமாம், யாரோடும் சண்டை போடக் கூடாதாம். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

வாசலில் பேருந்துகள் நகராமல் நின்றன. வெயில் ஏறிய பிறகு ஒரு இளம் அதிகாரி காகிதத்தோடு வந்தான். இன்று முதல் பெண்களுக்கும் விசா வேண்டும், வயது வித்தியாசம் இல்லை, ஹல்பாவுக்குத் திரும்பிப் போய் மனு கொடுக்க வேண்டும் என்று வாசித்தான். கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி, "நேத்து என் அக்கா போனாளே" என்றாள்.

"அது நேத்தும்மா" என்றான் அவன்.

மூன்று நாள். நான் கேட்டு வாங்கிய மூன்று நாள். பதூல் என் பக்கம் திரும்பவே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இறங்க வேண்டும் என்றாள். இறக்கி, பெட்டிமேல் உட்காரவைத்தேன்.

அதிகாரிகள் குளிர்ந்த தண்ணீர் பாட்டில்களைக் கொண்டுவந்து பெண்களுக்குக் கொடுத்தார்கள். அந்த இளைஞன் இவளிடம் குனிந்து, "குடிங்கம்மா. நீங்க எங்க விருந்தாளி" என்றான். நல்ல பையன்தான், குரலில் பொய் இல்லை. பதூல் பாட்டிலை வாங்கித் திறந்தாள். குடிக்கவில்லை. காலில் சுற்றியிருந்த துணியை மெதுவாகப் பிரித்தாள். வாடை கிளம்பியதும் அவன் ஓரடி பின்னால் போனான். எல்லோர் கண்ணுக்கும் முன்னால் பாதத்தை நீட்டி, கறுத்த விரல்கள்மேல் அந்தத் தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை ஊற்றினாள். மணல் அதை உடனே உறிஞ்சிக்கொண்டது. பிறகு காலி பாட்டிலை மூடி, அவனிடமே திருப்பி நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.