இன்னும் ஒன்று பாக்கி

அந்தப் பார்சல் வந்தபோது மழை பெய்துகொண்டிருந்ததா, விட்டிருந்ததா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மகளைக் கேட்டால் நல்ல வெயில் என்பாள். அம்மா தூறல் என்பாள். இத்தனை காலம் கழித்து யார் பேச்சை நம்புவது? பெட்டியின் ஒரு மூலை நனைந்திருந்தது என்பதில் மட்டும் இருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

மகள் வாசலில் நின்று கையெழுத்துப் போட்டாள். உள்ளறையில் அப்பாவின் தாடையைத் துண்டால் கட்டிவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தாள்.

"கனமா இருக்குங்க, பாத்துத் தூக்குங்க," என்றார் பார்சல்காரர். பக்கத்தில் நின்ற பெரிய வெள்ளை வீட்டுவண்டியை ஒரு பார்வை பார்த்தார். "அதுக்குத்தானா? குடுத்துவச்சவங்க. எங்க கிளம்புறீங்க?"

"இன்னும் முடிவு பண்ணலை," என்றாள்.

அவள் பெட்டியை இழுத்து நடையில் வைத்தபோது அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். காலையிலிருந்து அவள் அழவில்லை. ஈரத்துணியை எடுத்து ஏற்கெனவே துடைத்த மேசையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னது அது?"

"சாய்வுக்கட்டைம்மா. சக்கரத்துக்கு அடியில வைக்கிறது. மேடுபள்ளத்துல வண்டி சாயாம நிக்கும்."

"அவர்கிட்ட காட்டினியா?"

கேட்டபிறகுதான் தான் கேட்டது அம்மாவுக்கே உறைத்தது. துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். நகரத்தின் உயரமான கட்டிடங்களில் பாதியில் அவருடைய கிரீஸ் படிந்த கை பட்டிருந்தது. ஓய்வு பெற்ற கையோடு அந்த வீட்டுவண்டியை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினார். உள்ளே இரண்டு படுக்கை, அடுப்பு, கையலம்பும் தொட்டி, அலமாரி அளவில் ஒரு கழிப்பறை. அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். "இருக்கிற வீட்டைப் பெருக்கவே ஆளில்லை, இதுல சக்கரம் வச்ச வீடு வேறயா?"

"ஆயுசு பூரா மேலயும் கீழயுமே போயிட்டேன்டி," என்றார் அவர். "இனிமே நேரா போகணும்."

முதல்முறை சாமான் வாங்கப் போனபோது மகளும் கூடப் போனாள். புதிதாக வண்டி வாங்கியவர்களுக்கு என்னென்ன இல்லாமல் ஆகாது என்று கடைக்காரப் பெண் எடுத்து அடுக்கினாள். குடிதண்ணீர்க் குழாய், வடிகட்டி, நீளமான மின்கம்பி, சக்கரம் உருளாமலிருக்க ஆப்பு, தீயணைப்பான், கழிவுத்தொட்டியைக் காலி செய்யக் கனத்த குழாயும் கையுறையும். அப்பா அந்தக் கையுறையை மாட்டி விரலை ஆட்டிப் பார்த்தார்.

"ஆதிமனுஷன் கிளம்பும்போது இவ்வளவு எடுத்துட்டா போனான்?"

"அவனுக்குக் கழிவுத்தொட்டி இல்லைப்பா."

கடைக்காரப் பெண்கூடச் சிரித்தாள். அதுதான் அவர் தன் காலில் நடந்து போன கடைசிக் கடை.

மகள் மருந்தாளுநர். பரிசோதனை முடிவு வந்தபின் மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டைப் பார்த்ததுமே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அப்படிப்பட்ட வலிமருந்தை யாருக்குக் கொடுப்பார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவர் அவளைத் தனியே அழைத்து, "எங்கயாவது போகணும்னு ஆசைப்பட்டார்னா கூட்டிட்டுப் போங்க. இப்பவே போங்க," என்றார். அந்த 'இப்பவே'யை அவள் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

ஒரு வாரம் தள்ளிப்போட்டால் போதும் என்றுதான் நினைத்தாள். மருந்து பிடித்து வலி அடங்கட்டும். ஆளரவமற்ற சாலையோரத்தில், அந்த ஒடுங்கிய படுக்கையில் அப்பா சுருண்டு கிடப்பதும், தான் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதும் கண்ணை மூடினால் வந்தன. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் மருத்துவர் சொன்ன மற்றதையும் சொல்ல வேண்டும். அதனால், "புகை கண்டா அலறுற கருவி இன்னும் வாங்கலையேப்பா," என்றாள்.

அப்பா மறுக்கவில்லை. சோதனை முடியாமல் ஆளை ஏற்றக்கூடாது என்பதுதான் அவர் தொழிலின் முதல் விதி. எந்த லிஃப்டாக இருந்தாலும் கடைசித் திருகைத் தொட்டுப் பார்த்த பிறகே கதவைத் திறந்துவிடுவார். அவள் அந்த விதியை இறுகப் பிடித்துக்கொண்டாள். கருவி வந்தது. பிறகு சக்கரக் காற்று பார்க்கும் மானி. பிறகு தட்டுகள் வழுக்காமலிருக்க ரப்பர் விரிப்பு, பின்னால் பார்க்க கேமரா, வாயு உருளைக்கு மாற்றுக் குழாய். ஒவ்வொரு பெட்டி வரும்போதும் அவர் படுக்கையில் இன்னும் கொஞ்சம் சரிந்து படுத்திருந்தார். "வந்துடுச்சா? இனி என்ன பாக்கி?" என்று கேட்பார். அவள் ஒன்றைச் சொல்வாள்.

அன்று பார்சல் வந்த கொஞ்ச நேரத்தில் சவ வண்டி வந்தது. அதன் ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டு, வாசலை அடைத்துக்கொண்டு பெரிய வண்டி நிற்கிறது, அதை எடுத்தால்தான் படுக்கையை நேராகக் கொண்டுவர முடியும் என்றார்.

"நான் எடுக்கிறேன்," என்றார் கயிறு மாமா. அப்பாவோடு காலமெல்லாம் வேலை பார்த்தவர். லிஃப்டின் இரும்புக் கயிற்றை விரலால் தடவியே அதன் வயதைச் சொல்வார். அதனால் அந்தப் பெயர். அம்மாவுக்கே அவருடைய நிஜப் பெயர் நினைவில்லை. "பாப்பா, நீயும் வா. பின்னாடி பாத்துச் சொல்லு."

அவள் ஏறி முன்னிருக்கையில் உட்கார்ந்தாள். உள்ளே புது பிளாஸ்டிக் வாசனை. வாங்கியவை எல்லாம் உறை பிரிக்காமல் படுக்கைமேல் அடுக்கியிருந்தன. முதல் திருப்பிலேயே வண்டி முழுதும் கட்டிடமே நகர்வது போல அசைந்தது. அது ஒருவழித் தெரு. ஒருமுறை வெளியே எடுத்தால் கடைத்தெரு வழியாகச் சுற்றித்தான் திரும்பி வர வேண்டும்.

பள்ளிக்கூடத்தைத் தாண்டினார்கள்.

"போன வாரம் அண்ணன் ஃபோன் போட்டு வரச் சொன்னார்," என்றார் கயிறு மாமா. கண் சாலையிலேயே இருந்தது. "நீ வேலைக்குப் போயிருந்த. அண்ணி குளிச்சிட்டிருந்தாங்க. கடைத்தெரு வரைக்கும் வண்டில போயிட்டு வந்துடலாம்டா, பாப்பா வர்றதுக்குள்ளன்னார்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"படியில உக்காந்திருந்தார். ஷூ மாட்டியிருந்தார். அந்தக் கால்ல எப்படி மாட்டினார்னு எனக்குத் தெரியலை, வீங்கிக் கிடந்துச்சு. லேஸ்கூடக் கட்டியிருந்தார்."

முன்னால் ஒரு பேருந்து நின்றது. அவர் பொறுமையாக அதன் பின்னால் நின்றார். பேருந்திலிருந்து ஒரு பெண் இறங்கி, குடையை விரித்து, பிறகு தேவையில்லை என்று மடக்கிக்கொண்டாள்.

"அவர் கேட்டா ஏதாவது பாக்கி இருக்குன்னு சொல்லுங்க மாமான்னு நீ சொல்லியிருந்தியே. அதையேதான் சொன்னேன். சாய்வுக்கட்டை வரட்டும் அண்ணே, சோதனை முடியாம ஆளை ஏத்தக்கூடாதுன்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக்குடுத்தீங்கன்னு."

"என்ன சொன்னார்?"

"சிரிச்சார். சரிடான்னார்." வண்டி நகர்ந்தது. "நான்தான் ஷூவைக் கழட்டிவிட்டேன்."

கடைத்தெருவின் வளைவில் பின்னாலிருந்த அலமாரிக் கதவு திறந்துகொண்டது. அம்மா எடுத்து வைத்திருந்த தட்டுகள் ஒவ்வொன்றாக வழுக்கி விழுந்து உடைந்தன. ரப்பர் விரிப்பு சுருட்டியபடியே படுக்கைமேல் கிடந்தது. அவர் வேகத்தைக் குறைத்தார்.

"நிறுத்தவா?"

"வேண்டாம் மாமா."

ஏதோ ஒரு கிண்ணம் உடையாமல் தப்பி, தரையில் இப்படியும் அப்படியுமாக உருண்டுகொண்டே வந்தது. பழக்கடை, தையல்கடை, அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடை எல்லாம் கடந்து போயின. மருந்துக்கடைப் பையன்களில் யாரோ ஒருவன் கையசைத்தான். அந்த உயரத்திலிருந்து பார்க்கத் தெரு வேறு மாதிரி இருந்தது. வீட்டுச் சுவர்களுக்குப் பின்னால் தோட்டங்கள் இருப்பது தெரிந்தது. ஒரு வீட்டில் ஒருவர் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அவள் ஒவ்வொன்றையும் விடாமல் பார்த்தாள். கைகள் மடியில் கிடந்தன.

சுற்றி முடிக்கக் கொஞ்ச நேரம்தான் ஆனது. தெருமுனையில் அவர் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார். உடனே யாரும் இறங்கவில்லை.

"நல்லா ஓடுதா?" என்று கேட்டாள்.

"ஓடுது," என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஒரு குறையும் இல்லை," என்றார்.

அவர்கள் நடந்து வீட்டுக்கு வந்தபோது அப்பாவை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். போர்வைக்கு வெளியே பாதங்கள் தெரிந்தன. அம்மா குனிந்து அவற்றை மூடினாள். சவ வண்டிக்காரர் ஏற்றுவதற்கு முன், "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டார். மகள் தலையசைத்தாள்.

அன்று மத்தியானமே எல்லாம் முடிந்தது. கயிறு மாமா அதன்பிறகு கொஞ்ச நாள் வந்துபோய்க்கொண்டிருந்தார். தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போவார். பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார். இப்போது தன் மகன் வீட்டில் இருக்கிறார் என்று கேள்வி. அம்மா மகளோடு இருக்கிறாள். கணவரைப் பற்றிப் பேச்சு வந்தால், "கஷ்டப்படாம வீட்டுலயே போனார், எல்லாம் இவ பாத்துக்கிட்டா," என்பாள். மகள் அதே மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அந்த வலிமருந்துச் சீட்டோடு யாராவது வந்தால், பக்கத்தில் நிற்பவரைக் கொடுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

வண்டியை ஒரு இளம் தம்பதி வாங்கினார்கள். அந்தப் பெண் அலமாரிகளைத் திறந்து, உறை பிரிக்காத பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல நாங்க என்ன வாங்கணும்க்கா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் வேண்டாம்," என்றாள் மகள்.

அவர்கள் அன்றே கிளம்பினார்கள்.