பதினேழாம் நம்பர் ஜாதகம்

2006ஆம் வருஷம், ஆவணி மாதத்தில் பதின்மூன்று நாட்கள் என்னை ஒருவர் விடாமல் தேடினார். ஐந்து நிமிஷத்துக்கு மூன்று தடவை. சிரிக்காதீர்கள், கணக்கு இருக்கிறது, சொல்கிறேன்.

நான் மேகலா. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடியில் இருந்த ஒரு திருமணத் தகவல் மையத்தில் ஜாதகங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. முதலாளி கொளஞ்சியப்பன் நோட்டுப் புத்தகத்தை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறிய வாரமே என் அப்பா என் ஜாதகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அதையும் நானேதான் டைப் அடித்தேன். பதிவு எண் பதினேழு. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. எனக்குப் பிறகு ஏற்றிய பெண்களெல்லாம் கல்யாணமாகிப் போய், இடுப்பில் பிள்ளையோடு வந்து இனிப்புக் கொடுத்தார்கள். பதினேழு மட்டும் போட்ட இடத்திலேயே கிடந்தது.

என்ன குறை என்கிறீர்களா? மூல நட்சத்திரம். மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாதாம். எந்தப் புண்ணியவான் கட்டிவிட்டானோ, அவன் வாயில் மண்ணைப் போட. அதனால் அப்பா எனக்கு மாமனார் இல்லாத வீடாகவே பார்த்தார். எங்கள் ஃபாரத்தில் 'தந்தை: உண்டு / இல்லை' என்று ஒரு கட்டம் உண்டு. எனக்காக 'இல்லை' என்பதைத் தட்டிவிட்டுத் தேடும்போதெல்லாம் உடம்பு கூசும். யாரோ ஒரு மனுஷன் செத்துப்போனது எனக்கு வசதி என்று தேடுவது என்ன பிழைப்பு? அப்படி வந்த இரண்டு மூன்று பேரும் பஜ்ஜியைத் தின்றுவிட்டு வேறு ஏதோ நொட்டை சொல்லிப் போனார்கள்.

அப்பா அரியமுத்து வெள்ளிக்கிழமைதோறும் குரும்பலூரிலிருந்து சின்ன வெங்காயம் போட டவுனுக்கு வருவார். மூட்டையை இறக்கிவிட்டு மாடி ஏறி வந்து, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்: "எத்தன பேரு பாத்துருக்காங்க கண்ணு?"

ஒவ்வொரு ஜாதகத்தின் அடியிலும் அதை எத்தனை தடவை திறந்து பார்த்தார்கள் என்று ஒரு எண் வரும். ஐந்து வருஷத்தில் என்னுடையது இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்று. அதில் முக்கால்வாசி அவருக்காக நானே திறந்து பார்த்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

அந்த வருஷம் தை மாதம் பாடாலூரிலிருந்து திருமுருகன் வேலைக்கு வந்தார். என்னைவிட ஒரு வயது மூத்தவர், அதிகம் பேசமாட்டார். அரியலூரிலும் ஜெயங்கொண்டத்திலும் கிளை திறந்தபின் ஒரே மெஷினால் தேடி மாளவில்லை. அவர்தான் ஏசி ரூமில் மூன்று மெஷின்களைக் கோத்துவிட்டார். மூன்றும் வேலையைப் பங்குபோட்டுக்கொள்ளும், வெளியில் இருந்து கேட்பவர்களுக்கு ஒன்று மாதிரிதான் தெரியும்.

எல்லாம் நன்றாகத்தான் ஓடியது, ஆடி கடைசியில் ஒரு நாள் வரும்வரை. மூன்றில் ஒரு மெஷினுக்குள் இருந்த ஜாதகப் பட்டியல் மொத்தமாகக் காலியாகிவிட்டது. ஆனால் மெஷின் நிற்கவில்லை. பச்சை விளக்கை எரியவிட்டுக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் மரியாதையாக 'பொருத்தம் எதுவும் இல்லை' என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அரியலூர் கிளையில் ஒரு தாய், ஒன்றுகூடவா இல்லை என்று கவுண்டரிலேயே அழுதுவிட்டுப் போனாராம். முதலாளி தாம்தூம் என்று குதித்தார்.

திருமுருகன் அவரிடம் சொன்னார்: "மெஷின் ஓடுதான்னு மட்டும் பாத்தா போதாதுங்கய்யா. பதில் தெரிஞ்ச ஒரு கேள்விய அதுககிட்ட கேட்டுக்கிட்டே இருக்கணும். பதில் மாறுச்சுன்னா நமக்கு மெசேஜ் வந்துரும்."

அதற்கென்று ஒரு புரோகிராம் எழுதினார். ஒரு பழைய செல்போனைக் கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரோடு கட்டிவைத்தார். ஏதாவது கோளாறு என்றால் அவருக்கும் முதலாளிக்கும் அது மெசேஜ் அனுப்பும். நான் அதற்குக் 'காவக்காரன்' என்று பேர் வைத்தேன். காவக்காரன் என்ன கேள்வி கேட்கிறான் என்று விசாரிக்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பத்து நாள் கழித்து வெள்ளிக்கிழமை. முந்தின வாரம் களையெடுப்பு என்று டவுனுக்கு வராத அப்பா வந்தார், கேட்டார், நான் பதினேழைத் திறந்தேன்.

8,931.

"என்ன கண்ணு, பேச்சக் காணோம்?"

"எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணுப்பா."

அப்பா பக்கத்து நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். "எட்டாயிரமா? யாரு கண்ணு அது?"

"தெரியலப்பா. எவரோ ஒருத்தரு நாள் பூரா பாத்துக்கிட்டே இருக்காரு போல."

"பாக்கட்டும், பாக்கட்டும். நல்லாப் பாக்கட்டும்" என்றார். கீழே போய் அரைக்கிலோ லட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார். வீட்டுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறார்.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை காலையில் பீரோவில் மடித்து வைத்திருந்த மயில்கழுத்து நீலப் புடவையை எடுத்துக் கட்டினேன். இரண்டு முழம் மல்லிகை வேறு. முப்பத்தொரு வயதில் அந்தக் கூத்து. பஸ்ஸில் யாராவது திரும்பிப் பார்த்தால், இவராக இருக்குமோ என்று மனசு அடித்துக்கொண்டது.

டீ நேரத்தில் திருமுருகனிடம்தான் கேட்டேன், யார் பார்க்கிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா என்று. அவர் நாக்கைக் கடித்தார்.

"அய்யய்யோ, அது நாந்தாங்க மேடம். நம்ம காவக்காரன். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா மூணு மெஷின்லயும் ஒங்க பக்கத்தக் கேக்குறான். ஒரு நாளைக்கு எண்ணூத்தி அறுபத்தி நாலு தடவ. எண்ணிக்கையில சேராம பண்ணியிருக்கணும், மறந்துட்டேங்க."

"என்னோடது எதுக்கு?"

டீ டம்ளரையே பார்த்தார். "அது... மாறாம இருக்கற பதிவா வேணுமில்லங்க. மத்ததெல்லாம் எப்ப எடுப்பாங்கன்னு சொல்ல முடியாது. ஒங்களுது எப்பவும் இருக்கும்..."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. எவளுக்கு வேண்டுமானாலும் கல்யாணம் ஆகும், மேகலாவுக்கு மட்டும் ஆகாது, அதை நம்பி மூன்று மெஷினை ஓட்டலாம். பூவைப் பிய்த்துக் குப்பைக்கூடையில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தலைவலி என்று படுத்தே கிடந்தேன். அப்பா ஒரு லட்டைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார். அதைப் பார்த்ததும் இன்னும் அழுகை வந்தது.

திங்கட்கிழமை திருமுருகன் அரியலூர் கிளைக்குப் போயிருந்தார். நான் வந்ததும் முதல் வேலையாகப் பதினேழைத் திறந்து 'நீக்கு' என்பதை அழுத்தினேன். காரணம் கேட்டது. அதில் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது: 'திருமணம் நிச்சயமாகிவிட்டது.' முதலாளிக்கு வேறு காரணம் இருக்கும் என்றே தோன்றவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று அதையே தட்டினேன்.

ஐந்து நிமிஷத்தில் முதலாளியின் செல்போன் கூவியது. அடுத்த ஐந்தாவது நிமிஷம் மறுபடியும்.

"என்னம்மா மேகலா, மூணு மெஷினும் போச்சுங்குது?"

"மெஷினுக்கு ஒண்ணுமில்லங்கய்யா. நல்லா இருக்கு" என்றேன்.

ஒரு மணி நேரத்தில் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னாலேயே வண்டியை விரட்டி வந்திருப்பார் போல, திருமுருகனின் தலை, மீசை, புருவம் எல்லாம் சாம்பல் நிறம். ஏசி ரூமுக்குள் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. நேராக என் மேஜைக்கு வந்து நின்றார்.

"நிச்சயம் ஆயிடுச்சுங்களா?" என்றார்.

"அந்த ஃபாரத்துல வேற காரணம் போட எடமில்ல. எப்பவும் இருக்கும்னீங்கள்ல? இப்ப இல்ல. வேற எவளையாவது வச்சுக் கேட்டுக்குங்க" என்று வெடித்தேன்.

அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா உட்கார்ந்த அதே நாற்காலி.

"எப்பவும் இருக்கும்னு வைக்கலங்க. என்னைக்காச்சும் இல்லாமப் போயிருச்சுன்னா எனக்கு மொதல்ல தெரியணும்னுதான் வச்சேன். அன்னைக்கு அத எப்படிச் சொல்றது? வாயில வந்தத ஒளறிட்டேன்."

எனக்குக் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ஆனாலும் விடவில்லை. "தெரிஞ்சு? தெரிஞ்சு என்ன பண்ணுவீங்க?"

முதலாளி வெறுத்துப்போய் என் மேஜைமேல் போட்டுவிட்டுப் போயிருந்த போன் மறுபடி கூவியது. திருமுருகன் அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"எனக்கு அப்பா இல்லைங்க. ஒம்பதாவது படிக்கறப்பவே தவறிட்டாரு."

ஐந்து வருஷமாக நான் கூசிக் கூசித் தட்டிய கட்டம் அது. ஒரு மனுஷன் அதைத் தன் வாயால், இவ்வளவு பயந்துகொண்டு, எனக்காகச் சொல்லுவான் என்று நான் நினைத்ததே இல்லை. அழுதேன். அவர் பதறி எழுந்து, புழுதி படிந்த கர்ச்சீப்பை நீட்டினார். அதில் துடைத்து என் முகமும் சாம்பலாயிற்று.

"மொதல்ல அந்தக் காவக்காரன நிறுத்துங்க. முதலாளி உசுரு போவுது" என்றேன்.

வெள்ளிக்கிழமை அப்பா வந்தார். துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, இந்தத் தடவை கொஞ்சம் பயந்தமாதிரி கேட்டார்: "எத்தன பேரு கண்ணு?"

உள்ளே ஏசி ரூமில் எதையோ தேடுகிற மாதிரி திருமுருகன் குனிந்துகொண்டார்.

"ஒரே ஒருத்தருதாம்ப்பா," என்றேன். "அம்புட்டுத் தடவையும் அவருதான்."