சோத்துக்கைப் பக்கம்

என் வீட்டுக்காரர் விமல்ராஜ் ஒரு ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே அந்த ஊரைக் கைப்பேசியில் சுற்றி முடித்துவிடுவார். எந்த பஸ் எங்கே நிற்கும், எங்கே இறங்கினால் நடை கம்மி, எந்தச் சத்திரத்தில் வெந்நீர் வரும் எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆட்டோ என்று வாய் தவறிச் சொன்னால் மட்டும் முகம் சுருங்கிவிடும். "ஆட்டோவுல போனா ஊரு எங்க தெரியும்? ஆட்டோக்காரன் முதுகுதான் தெரியும்" என்பார். கஞ்சத்தனத்துக்கு இவ்வளவு அழகாக விளக்கம் சொல்ல அவரை விட்டால் ஆள் கிடையாது.

இந்த லீவுக்குத் திருவண்ணாமலை என்று முடிவானது. காட்பாடியிலிருந்து சாதாரண பஸ், ஊருக்குள் டவுன் பஸ், மீதியெல்லாம் நடை. மத்தியானச் சாப்பாடு கோயில் அன்னதானத்தில். எனக்கும் எங்கள் மகள் பூஜாவுக்கும் டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது என்பதில் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "நீங்க ரெண்டு பேரும் இருக்கறதே எனக்கு லாபம்டி" என்று சிரித்தார். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. என் அப்பாவைக் கூட்டிப்போவதா வேண்டாமா என்பதில்தான் சண்டை வந்தது.

அப்பா ராமகிருஷ்ணன் எங்களோடுதான் இருந்தார். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கை தொங்கிப்போனது. பேச்சு மொத்தமாகப் போய், ஒன்றிரண்டு வார்த்தைகளாகத் திரும்பிக்கொண்டிருந்தது. கால் தேறிவிட்டது, இழுத்து இழுத்து நடப்பார். ஆனால் அவருடைய வலது பக்கம் இருக்கும் எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியாது. தட்டில் வலது ஓரம் வைத்த பொரியல் அப்படியே கிடக்கும். "அந்தப் பக்கம் லாரியே வந்தாலும் அவருக்குத் தெரியாது, வெளியே போனா யாராவது வலது பக்கம் நடக்கணும்" என்று டாக்டர் அழுத்திச் சொல்லியிருந்தார். அதனால்தான் வேண்டாம் என்றேன்.

"கிரிவலப் பாதையில நடைபாதை மேடா போட்டிருக்காங்க. அதுல வண்டி ஏறாது. செங்கம் ரோட்ட ஒரு தடவ தாண்டிட்டா போதும், அப்பறம் அடி அண்ணாமலை வரைக்கும் ரோட தாண்டற வேலையே இல்ல. அங்கருந்து டவுன் பஸ் புடிச்சி ரூமுக்கு வந்துடலாம். மாமா வீட்டுலயே எத்தினி நாள் சொவத்தப் பாத்துக்கினு இருப்பாரு?" என்றார் விமல்ராஜ். அப்பா கட்டிலில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "மலை" என்றார். அவர் துணியையும் பையில் எடுத்து வைத்தேன்.

காலையில் பஸ் ஏறினோம். ஜன்னல் ஓரம் அப்பா உட்கார்ந்து, மலை தெரிய ஆரம்பித்ததிலிருந்து அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பஸ் வளைந்து மலை அவருடைய வலது பக்கம் போனதும் பதறிப்போய் என் கையைப் பிடித்தார். மலை எங்கேயோ போய்விட்டது என்று நினைத்துவிட்டார். அவர் முகத்தைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

அன்னதானத்தில் அவர் இடது கையால் சாப்பிடுவதைப் பார்த்து, பக்கத்தில் இருந்த ஆள் தன் இலையை நகர்த்திப் போட்டுக்கொண்டார். "கோயில்ல வந்து இப்படியா" என்று முணுமுணுத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அந்தக் கை செத்துப்போச்சுங்க, என்ன பண்ணச் சொல்றீங்க?" என்று கேட்டேன். பந்தியே திரும்பிப் பார்த்தது. அப்பா மட்டும் நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிந்தாமல் சாப்பிட்டார்.

வெயில் இறங்கிய பிறகு நடக்கத் தொடங்கினோம். ரமணாசிரமம் தாண்டி, கிரிவலப் பாதை பிரியும் இடத்தில் செங்கம் ரோட்டைத் தாண்ட வேண்டும். நான் அப்பாவுக்கு வலது பக்கம் நின்றுகொண்டேன். செங்கத்திலிருந்து வரும் வண்டிகள் ஒன்றும் வேகத்தைக் குறைப்பதாக இல்லை. ஒரு பஸ் எங்களை உரசிக்கொண்டு போனது. எனக்கு உயிர் போய் வந்தது. அப்பாவுக்கு அப்படி ஒரு பஸ் போனதே தெரியாது. தாண்டியதும், "அவ்ளோதான், கண்டம் முடிஞ்சிச்சி" என்றார் விமல்ராஜ். அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் பூஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பொதுக் கழிப்பறை வாசலில் நீள வரிசை. அப்பாவை நடைபாதை ஓரத்தில் ஒரு கல்மேடையில் உட்காரவைத்தோம். அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை, எழுந்து எழுந்து நின்றார்.

"சரி, மாமா மெதுவா முன்னால போட்டும். அவரு நடைக்கு நாம ஓடிப் புடிச்சிடலாம். இல்லன்னா பஸ் போயிடும்" என்றார் விமல்ராஜ். பிறகு அப்பாவின் தோளைத் தொட்டு நிதானமாகச் சொன்னார்: "மாமா, மலை எப்பவும் உங்க சோத்துக்கைப் பக்கமே இருக்கணும். மலைய உடாம நேரா போங்க. பின்னாலயே வந்துடறோம்."

வலது, இடது என்றால் அப்பா குழம்பிவிடுவார். அதனால் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். என் காதிலும் விழுந்தது. நல்லபடியாகத்தான் சொல்கிறார் என்று நினைத்து, பூஜாவை இழுத்துக்கொண்டு வரிசைக்குப் போனேன். விமல்ராஜ் தண்ணீர் பாட்டிலை நிரப்பக் குழாய்ப் பக்கம் போனார்.

நாங்கள் வெளியே வந்தபோது அப்பா இல்லை. இருக்க மாட்டார் என்று தெரிந்ததுதான். வேகமாக நடந்தோம். ஒரு வளைவு தாண்டினால் தெரிவார் என்றார் விமல்ராஜ். தாண்டினோம். காவி கட்டியவர்கள், வெறுங்காலோடு நடக்கும் வெளிநாட்டுக்காரர்கள், தோளில் குழந்தையோடு ஒரு குடும்பம், எல்லோரும் இருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக் காலை இழுத்து நடக்கும் ஆள் மட்டும் இல்லை. அடுத்த வளைவு என்றார். அதுவும் தாண்டியாயிற்று. வலது பக்கம் மலை எங்களோடு கூடவே வந்தது. வெயில் போய் அது கறுக்கத் தொடங்கியிருந்தது.

"அப்பா, தாத்தா இவ்ளோ ஸ்பீடா நடக்க மாட்டாரே" என்றாள் பூஜா.

நான் ஓடத் தொடங்கினேன். இளநீர்க் கடையில் கேட்டேன், லிங்கக் கோயில் வாசலில் செருப்புப் பார்த்துக்கொள்கிற பெண்ணிடம் கேட்டேன். அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். "ஆட்டோ புடிங்க" என்று கத்தினேன். "எங்க போவச் சொல்றது? எந்தப் பக்கம்னு தெரியணுமில்ல?" என்றார் விமல்ராஜ்.

அப்போது எங்களுக்குப் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்த பெண்கள் கூட்டம் எங்களைப் பார்த்து நின்றது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அதில் திரௌபதி என்று ஒரு அம்மா, என் அழுகையைப் பார்த்து விஷயம் கேட்டார். அடையாளம் சொன்னேன்.

"காலை இழுத்துக்கினு வெள்ளச் சட்டையா? அவுரு எங்களுக்கு எதிர்ல இல்ல வந்தாரு! எல்லாரும் இப்படிச் சுத்தறோம், அவுரு மட்டும் அப்படிப் போறாரு. ஐயா, எதிர்ல சுத்தக் கூடாது, திரும்புங்கன்னு சொன்னேன்மா. இடது கையத் தூக்கி மலையக் காட்டனாரு. அப்பறம் அந்தக் கையவே காட்டி, சோத்து, சோத்துன்னாரு. பசிக்குதாட்டம்னு பிஸ்கட் குடுத்தேன். வேணான்னுட்டுப் போயிட்டாரு."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் அப்பா இடது கையால் சாப்பிட மறுத்தார். அந்தக் கையால் சோறு தொடுவதா என்று வாயை இறுக்கி மூடிக்கொள்வார். கண்ணில் தண்ணீர் வழியும். ஊட்டினாலும் துப்புவார். நான்தான் ஒவ்வொரு வேளையும் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இடது கையைத் தட்டில் வைத்து, "இதான்பா இனிமே உன் சோத்துக்கை. சொல்லு, சோத்துக்கை" என்பேன். கெஞ்சினேன், திட்டினேன், கூடச் சேர்ந்து அழுதேன். ஒருநாள் இடது கையைத் தூக்கிக் காட்டி, "சோத்துக்கை" என்றார். அவருக்குத் திரும்பி வந்த முதல் வார்த்தை அது. அன்றைக்குக் கேசரி கிளறித் தெருவுக்கே கொடுத்தேன்.

ஊருக்கெல்லாம் சோத்துக்கை என்றால் வலது கை. இடது கைப் பழக்கம் உள்ள பிள்ளையைக்கூட, சோத்துக்கையால் சாப்பிடு என்றுதானே அதட்டுகிறோம்? இந்த உலகத்தில் ஒரே ஒரு மனிதருக்கு மட்டும் அது இடது கை. மலை இடது கைப் பக்கம் இருக்க வேண்டுமென்றால், அவர் வந்த வழியே திரும்பிப் போக வேண்டும்.

"செங்கம் ரோடு" என்றேன்.

விமல்ராஜ் நடு ரோட்டில் போய் நின்று கையை விரித்து ஒரு ஆட்டோவை மறித்தார். எவ்வளவு என்று கேட்கவில்லை. ஆட்டோ திரும்பியது. நாங்கள் நடந்து வந்த தூரமெல்லாம் எதிரில் நடந்து வந்தவர்களுக்கு நடுவே வெள்ளைச் சட்டை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். பூஜா என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கழிப்பறை வந்தது, கல்மேடை வந்தது. அவர் இல்லை. பாதி வழியிலாவது களைத்து உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். நடக்கவைக்க ஒரு வருஷம் வேண்டியவள், உட்கார்ந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

செங்கம் ரோடு முனையில் வண்டிகள் நின்றிருந்தன. ஒரு வேன் குறுக்கே நின்றது. அதைச் சுற்றிக் கூட்டம்.

தொப்பி போட்ட ஒரு பாய் ரோட்டில் உட்கார்ந்து அப்பாவின் தலையைத் தன் மடியில் வைத்திருந்தார். "ஹாரன் அடிச்சிக்கினேதான் வந்தாம்மா. இவுரு ரைட்டு பக்கம் திரும்பியே பாக்கல" என்றார். நான் சுற்றிப் போய், அப்பாவால் பார்க்க முடிகிற பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னைத் தெரிந்துகொண்டார். இடது கை அசைந்தது, பிடித்துக்கொண்டேன். வாய் கோணியது. பேச்சுப் போன பிறகு அவர் சேர்ந்தாற்போல் இரண்டு வார்த்தை பேசியதில்லை.

"சரியா வந்தேனா?" என்றார்.

"ரொம்ப சரியா வந்தப்பா" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டார். அவர் செத்துப்போனதைக்கூட என்றைக்காவது ஒருநாள் தாங்கிக்கொள்வேன். தெளிந்துபோன அந்த முகத்தைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை.