டிப்ஸ் வேண்டாத ஓட்டல்

பூந்தமல்லி ஓட்டலில் தோசை மாஸ்டர் ஆரோக்கியசாமிக்கு, சர்வர் ஜஸ்டினின் சட்டைப் பையைப் பார்த்தாலே வயிறு எரியும். அனலில் வேகிறவர் இவர். டிப்ஸ் வாங்குகிறவன் அவன்.

அரசாங்கம் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியதும் முதலாளி சுப்பராயன் தலையில் கை வைத்துக்கொண்டார். மாஸ்டர் யோசனை சொன்னார்: "இன்னாத்துக்கு மொதலாளி கவல? தோசைக்கு பத்து ரூபா ஏத்திடுங்க. நல்ல சம்பளம் தர்றோம், டிப்ஸ் வேணாம்னு போர்டு மாட்டுங்க. ஊரே உங்கள வள்ளல்னு சொல்லும்."

வள்ளல் என்ற சொல் வேலை செய்தது. முதலாளி தன் படத்தோடு பெரிய போர்டு மாட்டினார். டிப்ஸ் நின்றது. ஜஸ்டின் ஐயப்பன்தாங்கலில் வேறு ஓட்டலுக்குப் போய்விட்டான். அன்று மாஸ்டர் சந்தோஷத்தில் இரண்டு வேளைச் சாப்பாட்டை ஒரே வேளையில் சாப்பிட்டார்.

"புது ஆளு போட்டா கட்டுப்படி ஆவாது மாஸ்டர். சுட்டத நீயே எடுத்துகினு போய் வெச்சுடு," என்றார் வள்ளல்.

மாஸ்டர் வைத்தார். ஐ.டி. வேலைக்காரர் ஒருவர் நெய் ரோஸ்ட்டை முடித்துவிட்டு, "இந்த மாதிரி தோசை சாப்பிட்டதே இல்ல" என்று பைக்குள் கை விட்டார். மாஸ்டர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். வெளியே வந்தது செல்போன். அதைப் போர்டுக்கு நேராகப் பிடித்தபடி அவர் சொன்னார்:

"கொஞ்சம் தள்ளிக்குங்க. உங்க முதலாளி மறையறாரு."