பதினான்காம் எண்ணின் வால்

ஆய்வகத்தில் ரத்தம் கொடுக்கும் முன் நிரப்பவேண்டிய படிவத்தை ஜலஜா ஒன்பது வினாடியில் முடித்துவிடுவாள். எட்டுக் கேள்வி, எட்டு ‘இல்லை’, ஒரு கையெழுத்து. பதினெட்டு வருடத்துக்கு முன் அந்தக் கேள்விகளை எழுதியதே அவள்தான். அவள் எதற்குப் படிக்க வேண்டும்?

புகையிலை, பூச்சிமருந்து, எக்ஸ்ரே என்று எதெது நம் டிஎன்ஏவை உடைக்கிறது, உடைந்தது ஒட்டாமல் போனால் எப்படிப் புற்றுநோயில் கொண்டுபோய் விடுகிறது என்று பார்ப்பதிலேயே அவளுக்கு முப்பது வருடம் ஓடிவிட்டது. சோதனை ஒன்றும் பெரிய மர்மமில்லை. ரத்த அணுக்களைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி மின்சாரம் பாய்ச்சினால், டிஎன்ஏ முழுசாக உள்ள அணு உருண்டையாகவே நிற்கும். உடைந்திருந்தால் துண்டுகள் ஒரு பக்கமாக இழுபட்டு வால் முளைக்கும். நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தம் வேண்டுமே, அதற்கு ஆய்வகத்து ஆட்கள். அதிலும் ஜலஜாவின் ரத்தம் பதினெட்டு வருடமாக வால் காட்டாத ரத்தம். அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு.

அந்த ஞாயிறு காலை கச்சிபௌலியில் புற்றுநோய் விழிப்புணர்வு ஓட்டம். கொடியசைக்க அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அசைத்தாள். உடனே ஏற்பாட்டாளர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, “இந்த வயசுல வெயில் ஆகாது மேடம், உக்காருங்க” என்றார். ஐம்பத்தேழெல்லாம் ஒரு வயசா? வந்த கோபத்தில் கொடியை அவர் கையில் திணித்துவிட்டுக் கூட்டத்தோடு ஓட ஆரம்பித்தவள், பத்துக் கிலோமீட்டரையும் முடித்துவிட்டுத்தான் நின்றாள். பதக்கம் கொடுத்தார்கள். திங்கட்கிழமை சைனிக்புரி வீட்டு மாடிப்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கி, ஆய்வகம் வந்து, பதக்கத்தை ஃபிரிட்ஜ் கைப்பிடியில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டிவிட்டு, ஒன்பது வினாடியில் படிவம் நிரப்பி, ரத்தமும் கொடுத்தாள்.

செவ்வாய் மதியம் ஆய்வு மாணவி ஹர்ஷிதா தகடுகளை எண்ணி முடித்தாள். எண்ணுகிறவருக்கு எது யார் ரத்தம் என்று தெரியக் கூடாது. தகட்டில் எண் மட்டும்தான் இருக்கும். பெயர்ப் பட்டியல் ஜலஜாவின் டிராயரில்.

“பதினாலாம் நம்பர் பேஷன்ட் பாவம் மேடம்,” என்றாள் ஹர்ஷிதா. “நூறு செல்லுல நாப்பதுக்கு வால்.”

ஜலஜா பட்டியலை எடுத்துப் பார்த்தாள். பதினான்கு, அவள்தான்.

தனக்குப் புற்றுநோய்தான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். இந்தச் சோதனையை மட்டும் வைத்து ஒருவருக்கு நோய் இருக்கிறதென்று சொல்லக் கூடாது என்று வருடா வருடம் வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறவள் அவள்தான். அந்த வகுப்பெல்லாம் இப்போது எங்கே போயிற்றோ தெரியவில்லை. பத்து நாளாகவே பசி சரியில்லையே என்று நினைத்தாள். காலையில் நான்கு இட்லி சாப்பிட்டது ஞாபகத்துக்கு வரவில்லை. உடம்பெல்லாம் ஒரே அசதி வேறு.

மாலையில் கணவர் கிருஷ்ணமூர்த்தி காபி கொண்டுவந்து வைத்தார். செகந்திராபாத்தில் நான்காவது தலைமுறை. அவர் தமிழில் பாதி இந்த ஊர் உருது.

“இங்க பாருங்க. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, பாஸ்வேர்டெல்லாம் பச்சை டைரியில இருக்கு.”

“கைக்கு, எதுக்கு இப்ப இந்தப் பேச்சு? கால்ல தைலம் தேச்சு விடட்டுமா?”

“நக்கோ, வேண்டாம்,” என்றவளுக்குக் கண் கலங்கியது. இவ்வளவு நல்ல மனுஷனைத் தனியாக விட்டுவிட்டுப் போகப்போகிறோமே என்று துக்கமாக இருந்தது. தைலத்தையும் தேய்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மனசு தாங்காமல் ஹர்ஷிதாவிடம் சொல்லிவிட்டாள். “அந்தப் பதினாலு நான்தாம்மா.”

ஹர்ஷிதாவின் முகம் வெளுத்தது. ஆனால் கெட்டிக்காரி. கோப்பைத் திறந்து ஜலஜாவின் படிவத்தை எடுத்தாள். வெளியாட்கள் ரத்தம் கொடுத்தால் ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்பது ஜலஜாவே போட்ட விதி. இத்தனை வருடத்தில் ஜலஜாவிடம் யாரும் கேட்டதில்லை. கேட்க யாருக்குத் தைரியம்?

“ஜுரம் இருந்துதா மேடம்?”

“இல்லை.”

“எக்ஸ்ரே?”

“இல்லை.”

“ஆறாவது கேள்வி. போன மூணு நாள்ல உடம்பு வருத்தி ஓடினீங்களா, எக்சர்சைஸ் பண்ணீங்களா?”

“இல்...” என்று ஆரம்பித்த ஜலஜாவின் கண் ஹர்ஷிதாவின் தோளைத் தாண்டி ஃபிரிட்ஜ் கைப்பிடிக்குப் போயிற்று. பதக்கம் பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது.

பழக்கமில்லாத உடம்பு திடீரென்று இப்படி ஓடினால் டிஎன்ஏ கொஞ்சம் உடையும், இரண்டு மூன்று நாளில் தானே சரியாகிவிடும். அதற்காகத்தான் அந்தக் கேள்வியையே எழுதினாள். எழுதியவளுக்கே மறந்து தொலைத்தது. இருவரும் நாற்காலியில் சாய்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

முதலில் நிறுத்தியது ஹர்ஷிதாதான். “காரணம் அதுவாத்தான் இருக்கணும். ஆனா ப்ரூஃப் லேது கதா மேடம், ஆதாரம் இல்லையே? ஒரு வாரம் ஓடாதீங்க. திரும்ப எடுப்போம்.”

அந்த ஒரு வாரம் ஜலஜா சிரித்துக்கொண்டும் பயந்துகொண்டும் இருந்தாள். காரணம் அதுவாக இல்லாவிட்டால் என்ற நினைப்பு சாம்பாருக்குப் புளி கரைக்கும்போதுகூட வந்தது. அடுத்த திங்கட்கிழமை எட்டுக் கேள்விக்கும் வாய்விட்டுப் பதில் சொல்லி, நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டு, கையை நீட்டினாள்.

செவ்வாயன்று ஹர்ஷிதா எண்ணி முடித்து, பட்டியலோடு ஒத்துப் பார்த்து, மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்து இடம் விட்டாள். ஜலஜா குனிந்தாள். உருண்டை. பக்கத்தில் இன்னொன்று, அதுவும் உருண்டை. முப்பது வருடமாக அவள் கண் உடைந்ததைத்தான் தேடித் தேடிப் பார்த்தது. அவள் பாஸ்வேர்ட் டைரியைப் பற்றிச் சொல்லிக் கண் கலங்கிக்கொண்டிருந்தபோதே, உள்ளே அத்தனையும் தானே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அவளைக் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. அந்த உடம்பின் மேல் அவளுக்கு அப்படி ஒரு பிரியம் வந்தது. கண்ணீர் வந்து பார்வையை மறைத்தது, துடைத்துக்கொண்டாள்.

“போன வார தகட்டைத் தூக்கிப் போட்டுடவா மேடம்?”

“வேண்டாம். நோட்டுல எழுது. பதினாலாம் நம்பர் செல்லாது, காரணம், ஜலஜா படிவத்தைப் படிக்கலை. நான் கையெழுத்துப் போடறேன்.”

“சரி மேடம். லஞ்சுக்கு வாங்க.”

“நீ போம்மா. நான் எண்ணிட்டு வரேன்.”

“நான்தான் நூறும் எண்ணிட்டேனே.”

“தெரியும்,” என்று சொல்லிவிட்டு, ஜலஜா முதல் அணுவிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.