பக்கத்து அறைக்குப் போகும் வழி

மினசோட்டாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் பொருளாதாரத் துறையில், பேராசிரியர் நார்மன் ஹௌகன் தன் அறையிலிருந்து பக்கத்து அறைக்குப் போய்ச் சேர ஒரு பகலும் ஓர் இரவும் பிடித்தது. மற்றவர்கள் நாலு எட்டு வைத்தால் போதும்.

முன்பெல்லாம் அவருக்கும் அவ்வளவுதான். பக்கத்து அறை ரெனே கொமோவுடையது. பதினோரு வருடம் தினமும் பத்து மணிக்குக் காப்பிக் கோப்பையோடு அங்கே போவார். குறைந்தபட்சக் கூலியை உயர்த்தினால் வேலைகள் பறிபோகும் என்பது அவர் கட்சி, போகாது என்பது அவள் கட்சி. வாய் ஓயச் சண்டை போட்டுவிட்டு மனம் குளிர்ந்து திரும்புவார். பிறகு ஒருநாள், ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களின் கூலி பற்றி ரெனே ஆறு வருடம் பாடுபட்டு எழுதிய கட்டுரையை, ஓர் ஆய்விதழ் எழுதியவர் பெயரை மறைத்து நார்மனிடமே மதிப்பிட அனுப்பியது. முதல் பத்தியிலேயே அவருக்கு ஆள் தெரிந்துவிட்டது. எனக்கு வேண்டியவர், வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று திருப்பியிருக்கலாம். தன் கட்சி தோற்றுவிடுமே என்ற அற்ப பயத்தில் ஏழு பக்கம் குறை எழுதி, பிரசுரிக்கத் தகாது என்று முடித்தார். மதிப்பிட்டவர் யாரென்று வெளியே சொல்லக்கூடாது என்பது தொழில் விதி. அது அவருக்கு வசதியாகவும் போயிற்று.

மறுநாளே ரெனேயின் கதவு ஓர் எட்டு தள்ளிப் போயிருந்தது. வருடக் கடைசியில் பத்து நிமிட நடை. மூன்றாம் வருடம் போய்ச் சேர்வதற்குள் காப்பி ஆறிவிட்டதால் பிளாஸ்க் வாங்கினார். துறைக் கூட்டத்தில் விஷயம் விவாதத்துக்கு வந்தது. ஒரே ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று தள்ளுபடி செய்தார்கள்.

ஐந்தாம் வருடம் ரெனேக்கு வெகுதூரம் கிழக்கே, கடலோர ஊரான ஹாலிபாக்ஸில் வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமை கிளம்புகிறாள் என்று கேள்விப்பட்ட நார்மன், வியாழன் காலையே இரண்டு சாண்ட்விச்சோடு நடக்க ஆரம்பித்தார். போய்ச் சேர்ந்தபோது அவள் கடைசிப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஏழு பக்கம் நான்தான் எழுதினேன், ரெனே."

அவள் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். "தெரியுமே. நான் படிக்காம விட்டுட்டேன்னு நாலு கட்டுரை குறிச்சிருந்தீங்க. நாலும் உங்களோடது. உங்களைத் தவிர அதையெல்லாம் யாரு படிச்சிருக்கா?"

"அஞ்சு வருஷமா தெரிஞ்சும் பேசாம இருந்தியா?"

"கோவம்தான். நீங்களா வந்து சொல்றீங்களான்னு பாத்தேன். உக்காருங்க, காலெல்லாம் வீங்கிக் கெடக்கு."

மீந்திருந்த சாண்ட்விச்சை ஆளுக்குப் பாதியாகத் தின்றார்கள். அவள் போன பிறகு நார்மன் அந்த வெற்று அறையில் உட்கார்ந்து அழுதார்.

அடுத்த வாரம் பத்து மணிக்குப் பழக்கதோஷத்தில் கோப்பையோடு வெளியே வந்தார். நாலாவது எட்டில் கதவு வந்துவிட்டது. திறந்தால் ஹாலிபாக்ஸ். ஜன்னலில் கடல் தெரிந்தது. ரெனே பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவே அதே கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"மூணாம் பக்கத்துல நீங்க சொன்னது மட்டும் சரி. மத்ததெல்லாம் வீம்பு," என்றாள் நிமிராமலே. "அப்புறம், இங்க இப்பவே பன்னெண்டு மணி. நாளைலேர்ந்து காப்பி வேணாம்."

மறுநாளிலிருந்து அவர் இரண்டு சாண்ட்விச் கொண்டுபோகிறார்.