ஓரம் உடைந்த தட்டு

சாம்பல் புதனுக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் எபிஸ்கோபல் ஆலயத்தில் பான்கேக் விருந்து. சுடுவது குருவானவர். பாத்திரம் கழுவுவது அரசியல்வாதிகள். வெர்மாண்டின் இந்தச் சின்னச் சபையில் மாநில செனட்டர்கள் இரண்டு பேர். கட்சி வேறு. கிறிஸ்துமஸிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

காரணம் ஏரி. ஓடைக்கரையிலிருந்து ஐம்பது அடிக்குள் எரு கொட்டக்கூடாது என்று மசோதா கொண்டுவந்தவர் வினிஃப்ரெட் ஆலார்ட். பத்தடி போதும் என்றவர் மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் லைமன் தேயர். நாளை வாக்கெடுப்பு. இருவரும் சேராவிட்டால் மசோதா தோற்கும். ஏரித் தண்ணீரைப் பரிசோதிப்பது என் வேலை. எரு கரைந்து வந்து மூன்று கோடையாகப் பாசி படர்ந்த கரையில், குழந்தைகள் குளிக்காமல் இருக்கக் கயிறு கட்டியதும் நான்தான்.

ஓய்வுபெற்ற தூதர் பிங்கம் இருவரையும் பாத்திரம் கழுவும் ஒரே தொட்டிக்கு அனுப்பினார். வினிஃப்ரெட் கழுவ, தேயர் துடைக்க. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"துடைச்ச தட்டைப் பின்வாசல் வழியா எடுத்துட்டு வா. பாகு தடவி மறுபடி உள்ள கொண்டுபோ. தட்டு தீராத வரைக்கும் ரெண்டு பேரும் நகர மாட்டாங்க."

"சார், இது ஏமாத்து வேலையில்லையா?"

"முப்பது வருஷம் இதுக்குத்தாம்மா சம்பளம் வாங்கினேன்."

தடவினேன். கொண்டுபோனேன். மூன்றாம் நடையில் பேச்சு தொடங்கியிருந்தது.

"ஊரே வந்து தின்னுச்சா என்ன?"

"உன் கட்சிக்காரங்க ஆளுக்கு ரெண்டு தட்டு வச்சிருப்பாங்க, லைமன்."

"ஐம்பதடி விட்டா எருவை எங்க கொட்டுறது? உன் வீட்டு வாசல்லயா?"

"உன் பேச்சை ஏற்கெனவே அங்கதான கொட்டுற!"

தேயர் சிரித்துவிட்டார். நான் தட்டுகளோடு நின்றேன்.

"இருபத்தஞ்சு அடி போதும்," என்றேன். "அதுல மரம் வச்சா வேர் எருவைப் பிடிச்சுக்கும். அளந்து பார்த்திருக்கேன்."

"எந்த ஓடையில?"

"உங்க பண்ணை ஓடையிலதான் சார்."

அவர் ஒரே தட்டை நெடுநேரம் துடைத்தார். "மரம் யாரு செலவு?"

"மாநிலத்தோடது," என்றார் வினிஃப்ரெட்.

"அப்ப சரி. இருபத்தஞ்சு."

நுரை வழியக் கைகுலுக்கிக்கொண்டார்கள். வினிஃப்ரெட் என் கையிலிருந்த மேல்தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இந்த ஓரம் உடைஞ்ச தட்டு நாலாவது தடவை வருது."

எனக்குக் காது சுட்டது.

"எனக்கு ரெண்டாவது தடவையே தெரியும்," என்றார் தேயர்.

"அப்புறம் ஏன்யா சொல்லல?"

"சொன்னா வீட்டுக்குப் போன்னு சொல்லியிருப்ப."

வினிஃப்ரெட் தட்டைத் தண்ணீரில் முக்கி அவரிடம் நீட்டினார்.

"துடை."